ஞாயிற்றுக்கிழமைகளில் விழுகிறவர்

கணேசபாண்டியனை நான் முதலில் பார்த்தபோது அவர் தாராவி தொண்ணூறு அடிச் சாலையில், இன்னும் திறக்காத ஒரு மொபைல் கடையின் படியில் சாய்ந்து கிடந்தார். சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை கூலி வாங்கியவர்களில் சிலர் மறுநாள் காலையில் அந்தச் சாலையில் அப்படிக் கிடப்பது வழக்கம்தான் என்பதால், எதிரே டீக்கடையில் நின்ற யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவன் நீலப் பீப்பாயிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் மொண்டு வந்தான்.

“மூஞ்சில ஊத்துடே, எந்திரிப்பான்.”

“பேவ்டா பாண்டிக்கு ஒரு வாளி எங்கன காணும்? டேங்கரைத்தான் கூப்பிடணும்.”

பேவ்டா என்பது குடிகாரனுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர். சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். அவர் துள்ளவில்லை, திட்டவில்லை. கண்களை இறுக மூடினார். மூடிய இமைகள் பிறகு திறக்கவில்லை. பசை தடவியது போல ஒட்டிக்கொண்டு நடுங்கின. நான் குனிந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை.

“தம்பி,” என்றார், கண்ணைத் திறக்காமலே. “நான் குடிக்கல. தண்ணி ஊத்துறத மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க.”

குடித்த நாக்கு அவ்வளவு தெளிவாகப் பேசாது. நான் வாளிக்காரனைத் தடுத்தேன். அதற்குள், மூலையில் இளநீர் வண்டி போட்டிருக்கும் சலாவுதீன் இரக்கப்பட்டு ஒரு காயைச் சீவிக்கொண்டு வந்துவிட்டார். “வயித்துல ஒண்ணும் இருக்காது, பாவம். இது எறங்குனா தெளிஞ்சிரும்” என்று உறிஞ்சுகுழலை அவர் வாயில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் போல அவர் முழுவதையும் குடித்தார். கொஞ்ச நேரத்தில், அதுவரை அசைந்துகொண்டிருந்த வலது கையும் மடியில் சரிந்தது.

எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, உயிரித்தொழில்நுட்பம் படித்து, மாட்டுங்காவில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. புரியாத ஒன்றைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்து முடித்து நடப்பதற்கு அது விடாது. சலாவுதீனும் நானுமாக அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அவருடைய அறை ஒரு சட்டைப் பட்டறையின் மாடியில் இருந்தது. இரும்பு ஏணியில் அவரை ஏற்றுவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கியது. அறையில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஆணியில் தொங்கும் சட்டைகள். அத்தனை சட்டையும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தன. நாற்காலி இல்லை, முக்காலிகூட இல்லை. உட்காருவதற்கென்று அந்த அறையில் ஒன்றுமே கிடையாது என்பதை அன்று கவனித்தேன். ஏன் என்று பின்னால்தான் தெரிந்தது.

மத்தியானம் வரை அவர் அசையாமல் கிடந்தார். பேச்சு மட்டும் இருந்தது. மதியத்துக்குப் பிறகு முதலில் விரல்கள் வந்தன, பிறகு முழங்கை, கடைசியில் கால். எழுந்து நின்று, ஒன்றுமே நடக்காதது போல ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்.

“டீ குடிக்கேளா தம்பி? சீனி தூக்கலாப் போடுவேன். எனக்கு அதுதான் ஆவும்.”

உடன்குடிப் பக்கம் அவர் ஊர். பம்பாய்க்கு வந்தது பதின்மூன்று பதினான்கு வயதில். அப்போதே இந்தச் சீக்கு உண்டு. கடினமாக வேலை செய்துவிட்டு உட்கார்ந்தால் கால் வராது. பசியோடு இருந்தால் வராது. குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினால் இமை ஒட்டிக்கொள்ளும். நின்றுகொண்டே இருந்தால், உடம்பு சூடாக இருந்தால், ஒரு குறையும் இல்லை. அதனால்தான் கீழே ஹமீது பாயின் பட்டறையில் இஸ்திரி போடும் வேலைக்கு வந்திருந்தார். நாள் முழுக்க நிற்க வேண்டும், நாள் முழுக்கச் சூடு. மற்றவர்கள் ஒரு கோடைகூடத் தாங்காத மேசை அது.

ஹமீது பாய் என்னிடம் சொன்னார்: “லீவு குடுத்தா விழுறான், சோலி குடுத்தா நிக்கான். இப்படி ஒரு ஆள எந்த மொதலாளிதான் விடுவான்?” சிரிப்புக்காகத்தான் சொன்னார். ஆனாலும் அவர்தான் இத்தனை வருடம் இவரைக் குடிகாரன் என்று சொல்லாத ஒரே ஆள்.

விழுகிற நாள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்ததுதான் கணேசபாண்டியனின் விதி. வாரம் முழுக்க உழைத்த உடம்பு ஓய்வெடுக்க உட்காரும் நாள் அது. குடிகாரர்கள் விழும் நாளும் அதுவே. அவர் விழாமல் இருக்க ஞாயிறு முழுக்க நடந்தார். தாராவியிலிருந்து மாஹிம், அங்கிருந்து கடற்கரை, திரும்பி மாட்டுங்கா மார்க்கெட், மறுபடி தாராவி. யாரோடும் நின்று பேசியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார். சாவு வீட்டில் உட்கார மாட்டார். ‘ஒரு எடத்துல அடங்குதானா பாரு’ என்று அதையும் குடியின் கணக்கிலேயே எழுதினார்கள். வர வர யாரும் கூப்பிடுவதில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஒரு மகனும் இருந்தான் என்பதை மூன்றாவது நான்காவது சந்திப்பில்தான் சொன்னார். செம்பூர் திலக் நகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அய்யாத்துரை அவருக்குத் தூரத்து மாமா. கடையில் வேலைக்கு வந்த பையனின் கைச்சுத்தம் பிடித்துப்போய், மகள் உமாமகேஸ்வரியைக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் சிக்கல். டெம்போவிலிருந்து அரிசி மூட்டை இறக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது மருமகனால் எழுந்திருக்க முடியாது. முதலில் சோம்பேறி என்றார்கள். டாக்டரிடமும் போனார், அவர் போகிற நேரத்தில் உடம்பு நன்றாகவே இருக்கும், ரத்தமும் சரியாகவே இருக்கும். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு யாரோ குடி என்று சொன்னார்கள். அந்தச் சொல் நின்றுவிட்டது.

குடிக்கவில்லை என்று நிரூபிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. தசராவுக்கு, ஊர்ப் பக்கத்துக் குலசை அம்மனுக்கு விரதமிருந்து மாலை போட்டார். மாலை கழுத்தில் கிடக்கும்வரை ஒரு சொட்டுக்கூட எவனும் தொட மாட்டான். தொட்டால் அம்மன் சும்மா விட மாட்டாள் என்பது எல்லோரும் நம்புகிற விஷயம். ஒரு வேளைச் சோறு. மற்ற நேரத்துக்கு வாழைப்பழமும் இளநீரும். மாமனார் கொஞ்சம் இளகினார். கடைத்தெரு ஆட்களையெல்லாம் அழைத்துப் பூசை வைத்தார்.

பூசையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். முடிந்து தீபாராதனைக்கு எழுந்தபோது கணேசபாண்டியன் எழவில்லை. சிவப்பு வேட்டியோடு, கழுத்தில் மாலையோடு, அப்படியே ஒருக்களித்துச் சரிந்தார்.

“மாலயோடயே ஊத்திருக்கான்.”

“வாடையே இல்லையேப்பா?”

“அது வாடை வராத சரக்குலே. மாமனார் காசுல்லா.”

பூசாரி வந்து மாலையைக் கழற்றினார். “என்னயச் சுத்தி எல்லாங் காலா நிக்கி தம்பி,” என்றார் கணேசபாண்டியன் என்னிடம். “மூஞ்சி ஒண்ணும் தெரியல. காலு மட்டும். அதுல எம் பொண்டாட்டி காலு எதுன்னு தெரியும். அது திரும்பிப் போச்சு.”

அன்றே அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். மகன் முத்துசெல்வத்துக்கு அப்போது நடக்கத் தெரிந்திருந்தது, பேச்சு வரவில்லை. தாராவிக்கும் திலக் நகருக்கும் நடுவே ரயிலில் கால் மணி நேரம்தான். அவர் அங்கே திரும்பப் போகவே இல்லை.

எங்கள் பிரிவில் டாக்டர் நாகலக்ஷ்மி என்று ஒரு மூத்த மருத்துவர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“வேலை செஞ்சுட்டு உக்காந்தா வரதா? எளநீர் குடிச்சா ஜாஸ்தியாறதா?”

“ஆமா மேடம்.”

“உடனே அழைச்சுண்டு வா. ஞாயித்துக்கிழமை வந்தாலும் நான் வரேன்.”

தசையில் ஊசி வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். சில வாரம் கழித்து முடிவு வந்தது. தசையில் சோடியம் போய்வரும் வழியை அமைக்கிற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மேடம் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லும் வேலை என்னுடையது; அவர் அறைக்கே போனேன்.

“அண்ணாச்சி, நம்ம கல்லிச் சந்துல குழாய்த் தண்ணி வருதுல்ல. ஒரு வீட்டுக் குழாயில வாசர் தேஞ்சு, மூடினாலும் ஒழுகிட்டே இருந்தா என்ன ஆகும்?”

“பிரஷர் எறங்கிரும். யாருக்கும் வராது.”

“அதேதான். தசையில ஒவ்வொரு செல்லுக்கும் சோடியம் உள்ள வர ஒரு கதவு இருக்கு. மூளை சொன்னதும் சட்டுனு தொறந்து சட்டுனு மூடணும். ஒங்களுக்கு அது சரியா மூட மாட்டேங்குது. சோடியம் கசிஞ்சுகிட்டே இருக்கு. கொஞ்சமாக் கசிஞ்சா தசை இறுகி நிக்கும், கண்ணு ஒட்டிக்கிடுதே, அது மாதிரி. நெறயக் கசிஞ்சா, மூளை என்ன சொன்னாலும் தசைக்குக் கேக்காது. பொட்டாசியம் கூடினா அந்தக் கதவு இன்னும் கெட்டுப்போகும். வாழைப்பழம், இளநீர் ரெண்டும் பொட்டாசியம். குளிர்ந்த தண்ணியும் ஆகாது, பட்டினியும் ஆகாது.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ குடிகாரன்னு நெனச்சுத் தெளிய வைக்கிறதுக்கு என்னல்லாஞ் செஞ்சாவளோ, அது எல்லாம் நம்மள இன்னும் படுக்க வச்சிருக்கு.”

“ஆமா அண்ணாச்சி.”

“அம்மனுக்கு நான் இருந்த வெரதமும்.”

அவர் அடுத்துக் கேட்டது எனக்கு எதிர்பாராதது.

“இது எங்க அப்பாகிட்ட இருந்து வந்ததா இருக்குமோ?”

“அப்பா அம்மா யாராவது ஒருத்தர்கிட்ட இருந்து வந்திருக்கும். அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?”

“பனங்காட்டுல விழுந்து கெடப்பாரு. கள்ளுன்னு சொன்னாவ. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். பன்னெண்டு வயசுல அவர இழுத்துட்டு வரும்போது காலால எத்திருக்கேன் தம்பி. ‘நான் குடிக்கலல, குடிக்கலல’ம்பாரு.” நகர்ந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். “பொறவு குடிக்கவே ஆரம்பிச்சிட்டாரு. அதுலதான் செத்தாரு.”

பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே, மகனைப் பற்றிக் கேட்டார். பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொன்னேன்.

“வரப்பிடாது,” என்றார் உடனே. ஜன்னல் விளிம்பைத் தடவினார். “வரலன்னா, அந்த வீட்டப் பொறுத்தவரை நான் குடிகாரன்தான். என்ன.”

மாத்திரை ஆரம்பித்தார்கள். பழத்தை விட்டார், இளநீரை விட்டார், சட்டைப் பையில் எப்போதும் சீனி மிட்டாய் வைத்துக்கொண்டார். விழுவது குறைந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் ‘பேவ்டா குடிய விட்டுட்டான்டே’ என்று பேசிக்கொண்டார்கள். அறிக்கையை எடுத்துக்கொண்டு திலக் நகருக்குப் போகலாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன். “எதுக்கு? அவன் நல்லா இருக்கான். நல்லா இருக்கிற பயகிட்டப் போயி ஒங்கப்பனுக்கு இப்படி ஒரு சீக்குன்னு எதுக்குச் சொல்லணும்?” என்று மறுத்துவிட்டார்.

சூலை மாத மழையில் ஒருநாள், பட்டறையில் சட்டை எடுக்க சிவகுருநாதன் என்பவர் வந்தார். திலக் நகரில் துணிக்கடை, அய்யாத்துரைக்கு நெருக்கம். நான் அப்போது கணேசபாண்டியனுக்கு மாத்திரை கொடுக்க வந்திருந்தேன். சிவகுருநாதன் இஸ்திரி மேசைப் பக்கம் வந்து குரலை உயர்த்திச் சொன்னார்:

“என்ன பாண்டி, ஒம் மவன் ஒன்னயத் தாண்டிருவான் போலயே. காலேஜ் வாசல்ல விழுந்து கெடந்தானாம். ரெண்டு மட்டம். பத்தொம்பது வயசுலயே இந்த ஆட்டம். அய்யாத்துரை அண்ணாச்சி குடிய நிறுத்துற எடத்துல கொண்டு போட்டுட்டாரு, நெருளத் தாண்டி. ஆறு மாசம் வெளிய விட மாட்டானாம்.”

கணேசபாண்டியன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். ஒரு கணம் அதில் வெளிச்சம் வந்தது. உண்மையிலேயே சந்தோஷம். அடுத்த கணம் அவர் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க என்ன செய்வாவ?” என்று கேட்டார்.

“என்ன செய்வான்? காலையில ஓட விடுவான். பொறவு ஆடாம அசையாம உக்காந்து பிரார்த்தனை. அதுக்கப்புறம் வாழைப்பழமும் பாலும். நல்ல எடந்தான், கவலப்படாத.”

சிவகுருநாதன் போன பிறகு அவர் என்னிடம், “சந்தோசப்பட்டுட்டேன் தம்பி,” என்றார். “எம்புள்ளைக்குச் சீக்குன்னதும் மொதல்ல சந்தோசந்தான் வந்துச்சு.” ஹமீது பாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

நானும் கூடப் போனேன். திலக் நகருக்குப் போகும் ரயிலில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. குர்லாவில் இறங்கி வண்டி மாறும்போதும் நடைமேடையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தார். மருத்துவமனை அறிக்கை என் பையில் இருந்தது. அதைக் காட்டிப் பேசிவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அய்யாத்துரைக்கு எழுபது தாண்டியிருக்கும். கல்லாவில் உட்கார்ந்து வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்தும் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வாங்க. வெயில் மழ பாக்காம வந்திருக்கீய. மவன் ஒங்க பேரக் காப்பாத்திட்டான், கேள்விப்பட்டேளா?”

“மாமா, அவன் குடிக்கல. அவன வெளிய கூட்டிட்டு வரணும்.”

“நீயும் குடிக்கலன்னுதான் சொன்ன.”

நான் அறிக்கையை நீட்டினேன். எந்த மருத்துவமனை, நான் யார், என்ன படித்திருக்கிறேன் எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தைப் பார்த்தார்.

“எந்த ஊருங்க தம்பி?”

“சங்கரன்கோவில் பக்கம்.”

“நல்லது. காயிதம் அடிக்கிற மிசின் இந்தத் தெருவுலயே மூணு இருக்கு. கல்யாணப் பத்திரிகைய அடிக்கிறவன் இதயும் அடிப்பான்.” திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் வீட்டுக்குப் போகும் கதவில் உமாமகேஸ்வரி வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கணேசபாண்டியன் அந்தப் பக்கம் பார்க்காமல் மாமனாரிடம் சொன்னார்:

“நான் வாய ஊதட்டுமா மாமா?”

“ஊத்திட்டுத்தானே வந்திருப்ப.”

“வாடை இல்லைல்ல. அப்போ ஒண்ணு செய்ங்க. ஒங்க கையாலயே, வெளிய நிக்கிற வண்டியில ஒரு எளநி வாங்கித் தாங்க. வேற எதுவும் நான் தொட மாட்டேன். ஒங்க கண்ணு முன்னாலயே இருக்கேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அண்ணாச்சி, வேண்டாம். மேடம் கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. நெஞ்சுக்கே ஆபத்து,” என்றேன். அவர் கேட்கவில்லை. கடை வாசலில் இறக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே அடுக்கினார். நின்று வேலை செய்யும் உடம்பு, வியர்த்துக் கொட்டியது. அய்யாத்துரை வேடிக்கை பார்த்தார். பிறகு, விளையாட்டாகத்தான், இளநீர் வாங்கி வரச் சொன்னார். கணேசபாண்டியன் இரண்டு இளநீர் குடித்தார். கல்லாவுக்கு எதிரே இருந்த முக்காலியில், என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். யாரோ உளுந்து கேட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அய்யாத்துரை வத்தலை நிறுத்து முடித்துப் பொட்டலம் கட்டினார்.

“மாமா,” என்றார் கணேசபாண்டியன். “இப்பம் காலு போயிட்டு.”

“எந்திரிச்சு நில்லு பாப்போம்.”

“முடியல.”

அய்யாத்துரை கல்லாவை விட்டு இறங்கி வந்து, அவருடைய கையைப் பிடித்துத் தூக்கி விட்டார். அது தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. முக்காலியிலிருந்து சரிந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். கிழவர் குனிந்து அவர் வாயருகே மூக்கை வைத்து மோந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ பழக்கத்தில், “தண்ணி கொண்டாங்க, மூஞ்சில அடிங்க” என்றார்கள்.

“தண்ணி ஊத்தாதீங்க,” என்றார் உமாமகேஸ்வரி.

அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. வந்து தரையில் உட்கார்ந்து கணவரின் முகத்தைப் பார்த்தார்.

“பச்சத் தண்ணி பட்டா கண்ணு ஒட்டிக்கிடும்லா ஒங்களுக்கு. கல்யாணமான புதுசுல பாத்திருக்கேன். பையனுக்கும் அப்படித்தான். சின்னதுலேர்ந்து நான் வெந்நி வச்சுத்தான் மூஞ்சி கழுவி விடுவேன்.” பிறகு அப்பாவைப் பார்த்து, “அவன் ஸ்கூல்ல இருந்து வந்து படுத்தா சில நாளு எந்திரிக்க மாட்டான். காச்சன்னு ஒங்ககிட்டச் சொன்னேன். காச்ச இல்ல. எனக்குப் பயம். அப்பன மாதிரியே வந்துட்டான்னு நீங்க சொல்லிருவியளோன்னு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் அய்யாத்துரை.

“சொன்னா என்ன செஞ்சிருப்பிய? இப்பம் செஞ்சதத்தான் அப்பவே செஞ்சிருப்பிய.”

கிழவர் தராசுத் தட்டைத் துடைத்தார். ஒன்றும் இல்லாத தட்டு. பிறகு கடைப்பையனிடம் சாவியைக் கொடுத்து, “டாக்சியக் கூப்பிடு, நெருளுக்கு” என்றார்.

எனக்கு இரண்டு பயம். ஒன்று நெருளில், ஒன்று தரையில். நாலைந்து பேராகத் தூக்கி, இன்னொரு டாக்சியில் அவரை எங்கள் மருத்துவமனைக்கே கொண்டு போனேன். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. டாக்டர் நாகலக்ஷ்மி என்னை வாழ்நாளில் அப்படித் திட்டியதில்லை. “இதைச் சோதனைன்னு ஒரு காலத்துல டாக்டர்களே பண்ணிண்டு இருந்தா. ஆபத்துன்னு நிறுத்தியாச்சு. கடைத்தெருவுல பண்ணியிருக்கேள்.” இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முறை வலது கால் முழுதாகத் திரும்பவில்லை. இந்த நோயில் வயது ஏற ஏறத் தசை கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழப்பது உண்டு. அவருக்கு அது அன்றிலிருந்து தொடங்கியது.

முத்துசெல்வத்தை அன்று மாலையே வெளியே எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவனுக்கும் ரத்தம் எடுத்தோம். அதே எழுத்து, அதே இடத்தில். முடிவு சொன்ன அன்று அப்பாவும் மகனும் எங்கள் பிரிவின் நடையில் எதிரெதிரே நின்றார்கள். உயரம் ஒன்று, நிற்கிற விதமும் ஒன்று. இரண்டு பேரும் பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை.

“அங்க அடிச்சாங்களா?” என்று கேட்டார் அப்பா.

“நஹீ, இல்ல. எந்திரிக்க மாட்டேங்கிறேன்னு பட்டினி போட்டாங்க. இன்னும் ஜாஸ்தி ஆச்சு.”

“இனிமே சீனி மிட்டாய் வச்சுக்க. உக்காரணும்னு தோணுச்சுன்னா கொஞ்சம் நடந்துட்டு உக்காரு.”

“டாக்டர் சொன்னாங்க.”

“ம்.”

“உங்களப் பத்தி நான் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன சொல்லிருக்கேன் தெரியுமா? செத்துட்டாருன்னு சொல்லிருக்கேன்.” அவன் கோபமாகச் சொல்லவில்லை. “இப்ப என்னன்னு சொல்றது? எனக்கு டைம் வேணும். அவ்ளோதான்.”

“எடுத்துக்கோ,” என்றார் கணேசபாண்டியன்.

உமாமகேஸ்வரி கிளம்பும்போது அவரிடம் வந்தார். நான் தள்ளி நின்றேன். ஆனாலும் காதில் விழுந்தது. “இத்தன வருசம் குடிகாரன் பொண்டாட்டியா இருந்து பழகிட்டேன். கடை, பையன், அப்பான்னு ஒரு மாதிரி ஓட்டிட்டேன். இனிமே வந்து ஒரு வீட்டுல இருக்கிறதுன்னா எனக்கு முடியாது. ஒங்க மேல கோவம்னு நெனச்சுராதீய.” அவர் தலையாட்டினார். மகனும் மனைவியும் போன பிறகு, அவர்கள் ஏறிய லிஃப்டின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை நான் அவரோடு மாஹிம் கடற்கரை வரை நடந்தேன். காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தார். அய்யாத்துரை இப்போது கடைத்தெருவில் எல்லோரிடமும், ‘எம் மருமகன் குடிக்கல, அது சோடியஞ் சீக்கு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

“சொல்லட்டும்,” என்றார். அலைப் பக்கம் பார்த்தார். “முன்னாலல்லாம் கூட ஒரு கோவமாவது இருந்துச்சு தம்பி. ராத்திரி படுத்தா அதுகிட்டப் பேசிட்டுக் கெடப்பேன். நான் குடிக்கல, நான் குடிக்கலன்னு. இப்பம் யாரு கேக்கா? எல்லாருக்குந்தான் தெரிஞ்சு போச்சே.”

முத்துசெல்வம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு படிப்பை முடித்துவிட்டான். வாஷியில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை; மேசை வேலை என்பதால் அடிக்கடி எழுந்து நடக்க அனுமதி வாங்கியிருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பிரிவுக்கு வருகிறான். அப்பா வரும் நாளும் அதுவாக இருந்தால், நடையில் நின்று மாத்திரையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொள்கிறார்கள். உமாமகேஸ்வரி திலக் நகரில் கடையைப் பார்த்துக்கொள்கிறார். கணேசபாண்டியன் தாராவியில்தான் இருக்கிறார். ஏணி ஏற முடியாததால் ஹமீது பாய் பட்டறைக்குப் பின்னால் கீழேயே ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அரை நாள் இஸ்திரி போடுகிறார். தனியாக இருக்கிறார்.